தீப்பற்றாத மின்பகுளி ஸ்கூட்டருக்கு ஏன் வரவில்லை?

கேள்வி (பழங்காநத்தம், மதுரை):
மின் ஸ்கூட்டர்களைப் பழுதுபார்க்கும் சிறு கடை வைத்திருக்கிறேன். கத்திரி வெயிலில் வந்த ஒரு பேட்டரியைத் திறந்தபோது, பை வடிவ செல் ஒன்று பூரிபோல் உப்பி, ஓரம் பிளந்து, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் போன்ற இனிப்பு வாடை வீசியது. கசிந்ததைத் துணியால் துடைத்துவிட்டு, செல்லை வாசலிலுள்ள மணல் வாளிக்குள் வைத்தேன். உள்ளிருக்கும் மின்பகுளிதான் (இரு மின்வாய்களுக்கும் இடையே அயனிகளைக் கடத்தும் பொருள்) எரிகிறது என்றால், அதற்குப் பதில் தண்ணீரையோ தீயணைக்கும் வேதிப்பொருளையோ பயன்படுத்த முடியாதா?

மறுமொழி 1 (காரைக்குடி):
ஐயா, முதலில் அந்தத் துணியை வெறுங்கையால் தொடாதீர்கள். மின்பகுளியில் கரைந்திருக்கும் லித்தியம் ஹெக்ஸாஃபுளோரோபாஸ்பேட் என்னும் உப்பு, ஈரம் பட்டால் சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடை உண்டாக்கும்; அது தோலையும் எலும்பையும் தாக்கும் நச்சு. தண்ணீர் ஆகாது என்பதற்கு இது ஒரு காரணம். 1.23 வோல்ட்டுக்கு மேல் தண்ணீரே பிரிந்துவிடக்கூடும் என்பதும், உங்கள் செல்லோ 3 வோல்ட்டுக்கு மேல் இயங்குகிறது என்பதும் மற்றொன்று.

வாடைக்குக் காரணம் பெரும்பாலும் டைமெத்தில் கார்பனேட் போன்ற கரைப்பான். அதன் ஆவி சுமார் 17 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடியது. மார்கழிப் பனியிலும் மதுரை அவ்வளவு குளிர்வது அரிது. எனினும் தீயின் தொடக்கம் வேறிடத்தில் இருக்கிறது. எதிர்மின்வாயான கிராஃபைட்டின் மேல் படிந்திருக்கும் மெல்லிய காப்புப்படலம் 80 முதல் 120 டிகிரிக்குள் சிதைந்து வெப்பத்தைக் கூட்டும். ஏறத்தாழ 130 டிகிரியில் பாலித்தீன் பிரிப்புத் தாள் உருகி, இரு மின்வாய்களும் ஒட்டிக்கொள்ளும்.

தீயணைக்கும் டிரைமெத்தில் பாஸ்பேட்டை ஏற்கெனவே முயன்றிருக்கிறார்கள். அது எரியாது, ஆனால் வழக்கமான கரைப்பானான எத்திலீன் கார்பனேட்டைப் போலக் காப்புப்படலம் அமைக்காமல், கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் புகுந்து அவற்றை உரித்துவிடுகிறது. கொஞ்சம் கலந்தால் தீ அடங்காது, நிறையக் கலந்தால் செல் சாகும். இதற்கு ஒரு வழி உண்டு: உப்பை மிகச் செறிவாகக் கரைத்தால், தனித்துத் திரியும் கரைப்பான் மூலக்கூறுகள் குறைந்து, உப்பின் எதிர்மின் அயனியே சிதைந்து காப்புப்படலத்தை அமைத்துவிடும். இவ்வழியில் டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் கிராஃபைட் மின்வாயைத் தீப்பற்றாத மின்பகுளியில் இயக்கிக் காட்டினர். ஆனால் அந்தக் கலவை குழைவாக ஆகிவிடுவதால் அயனிகளின் ஓட்டம் மந்தமாகிறது. உப்பின் விலையும் அதிகம். உப்பைக் கரைக்காத ஃபுளோரின் ஈத்தரை ஊற்றி இளக்கும் முறை பிறகு வந்தது. அதுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது.

மறுமொழி 2 (திருப்பரங்குன்றம்):
மேலே சொன்னதில் ஒரு திருத்தம்: தீப்பற்றாதது என்பதாலேயே வெப்பம் வெளியிடாது என்று ஆகாது. செறிந்த உப்பே முழுச் சார்ஜில் இருக்கும் கிராஃபைட்டோடு வினைபுரிந்து சூடாகும். நிக்கல் மிகுந்த நேர்மின்வாய் சூடேறும்போது தானே ஆக்சிஜனையும் வெளியிடும். அதனால்தான் நான் வாடிக்கையாளருக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லைப் பரிந்துரைக்கிறேன். அதன் மின்பகுளியும் எரியக்கூடியதே, ஆனாலும் ஆக்சிஜன் எளிதில் விடுபடாது. திண்ம மின்பகுளியைப் பற்றிப் பெரிதாகப் பேசுகிறார்கள். சல்ஃபைடு வகை ஈரம் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் நச்சு வாயுவை வெளியிடும் என்பதைப் பலர் சொல்வதில்லை.

கேள்வியாளர்:
இருவருக்கும் நன்றி. துணியை வெறுங்கையால்தான் பிழிந்தேன். இதுவரை எரிச்சல் இல்லை.

மறுமொழி 1:
ஹைட்ரஜன் ஃபுளோரைடின் வலி சில மணி நேரம் தாமதித்தும் வரும். கையை ஓடும் நீரில் நன்றாகக் கழுவிவிட்டு இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். மணல் வாளியைக் கடைக்கு வெளியே, மழை நனையாத இடத்தில் வையுங்கள்.