இரண்டு கடைகளில் வாங்கியும் உளுந்து இல்லாமல் அப்பள வேலை நின்றது. எங்கே தவறு?

அப்பளப்பட்டறை:
வணக்கம். மதுரை ஜெய்ஹிந்துபுரத்தில் அப்பா ஆரம்பித்த அப்பளப் பட்டறையை ஆறு வருடமாக நான் நடத்துகிறேன். பன்னிரண்டு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். தினமும் 120 கிலோ உளுந்தம்பருப்பு அரைக்கிறோம்.

ஒரே கடையை நம்பக் கூடாது என்று கீழமாசி வீதியில் இரண்டு கடைகளில் வாங்குகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியபோது இரண்டு கடைக்காரர்களும் ஒரே நாளில் "லோடு வரல" என்றார்கள். வழக்கமாக மூன்று நாளில் வரும் சரக்கு பதினொரு நாள் கழித்து வந்தது. அடுத்து 17, 18 தேதிகளில் தென்மாவட்ட வெள்ளம். தூத்துக்குடி உப்பும் நின்றது.

மொத்தம் ஒன்பது நாள் வேலை இல்லை. எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பெண்களுக்கு ஒன்பது நாள் என்றால் அந்த மாத வீட்டு வாடகை. அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வருடம் முழுக்க வாங்கி அடுக்க என்னிடம் பணமும் இல்லை, இடமும் இல்லை. என்ன செய்யலாம்?

பழைய தானியக்கடை:
தங்கச்சி, முப்பது வருடம் பருப்பு வியாபாரம் பார்த்தவன் சொல்கிறேன். உங்களுக்குக் கடைதான் இரண்டு, சரக்கு ஒன்று. வெளிநாட்டிலிருந்து நாம் வாங்கும் உளுந்தில் பெரும்பங்கு பர்மா உளுந்து. அது கப்பலில் சென்னைக்கு வந்து நம் பக்கக் கடைகளுக்குப் பிரிந்து போகும். பக்கத்துப் பக்கத்துக் கடைகள் ஒரே இறக்குமதியாளரிடம் எடுப்பது சாதாரணம். யாரிடம் எடுக்கிறீர்கள் என்று கேட்டால் பெயர் சொல்லத் தயங்குவார்கள். எந்த ஊர்ச் சரக்கு, லாரி எங்கே ஏறுகிறது என்று கேளுங்கள், சொல்வார்கள்.

இரண்டாவது வழி சென்னையைத் தொடாததாக இருக்கட்டும். டெல்டாவில் சம்பா அறுப்புக்கு முன் வயல் ஈரத்தில் தெளிக்கும் உளுந்து மார்ச், ஏப்ரலில் வரத்தாகும். பத்து மூட்டையில் ஒன்றை எப்போதும் அங்கே எடுங்கள், விலை கொஞ்சம் கூடினாலும். முடை வந்த அன்று புதிதாகப் போய் நின்றால் யாரும் தர மாட்டார்கள், வாடிக்கைக்குத்தான் முதலில் கொடுப்பார்கள். அப்புறம், உளுந்து மாறினால் மாவின் இழுவை மாறும், அப்பளம் ஓரம் வெடிக்கும். அதை நல்ல நாளிலேயே தேய்த்துப் பார்த்துவிட வேண்டும்.

வரவுசெலவு:
பணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு நாளில் செலவாகும் உளுந்தை, சரக்கு வந்துசேர அதிகபட்சம் எடுத்த நாட்களால் பெருக்குங்கள். 120 × 11 = 1,320 கிலோ, ஐம்பது கிலோ மூட்டையாக 27. இருப்பு அதற்குக் கீழே இறங்கும்போது அடுத்த ஆர்டர். ஆனால் இது அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை போதும். மற்ற மாதங்களில் ஐந்து நாள் கணக்கு, 12 மூட்டை. கூடுதல் பணம் மூன்று மாதம்தான் முடங்கும்.

மாவாக அரைத்து வைக்காதீர்கள், சீக்கிரம் வாடை வந்துவிடும். பருப்பாகவே பலகைமேல், சுவரைத் தொடாமல் அடுக்குங்கள். வண்டு பார்க்க வாரம் ஒருமுறை ஒரு மூட்டை பிரியுங்கள். உப்புக்கு யோசிக்கவே வேண்டாம், ஈரம் படாத டிரம்மில் மூன்று மாதத்துக்குப் போட்டுவிடலாம்.

கவர் பிரிண்டிங்:
அக்கா, பாக்கெட் கவரையும் பாருங்கள். சிவகாசியில் அச்சடிக்கிறீர்கள் என்றால் சிலிண்டர் (உங்கள் கவர் டிசைன் செதுக்கிய அச்சு உருளை) அச்சகத்திலேயே இருக்கும். அது யாருடையது என்று பில்லில் எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் அவசரத்துக்கு வேறு அச்சகம் போக முடியாது. உணவு உரிம எண், எடை, விலை, முகவரி எல்லாம் உள்ள ஸ்டிக்கரும் பிளெயின் கவரும் கொஞ்சம் கையில் இருக்கட்டும்.

அப்பளப்பட்டறை:
எல்லோருக்கும் நன்றி. இன்று காலை இரண்டு கடையிலும் கேட்டேன் அண்ணே. நீங்கள் சொன்னதுதான், இருவருக்கும் சென்னையில் ஒரே குடோன். திருவாரூர் உளுந்து இரண்டு மூட்டை சொல்லியிருக்கிறேன், வியாழக்கிழமை வருகிறது. முதல் மாவை எங்கள் மூத்த அக்கா தேய்த்துப் பார்க்கிறேன் என்றிருக்கிறார். இழுவை எப்படி என்று எழுதுகிறேன்.