பால் கொடுத்தபடி தட்டிய தொடர்கதை: கிண்டிலில் போடலாமா?

நான் பாலக்கோடு. மூத்தவளுக்கு 4 வயது, சின்னவனுக்கு 14 மாதம். கதை எழுதுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. இவன் பால் குடித்தபடியே தூங்கிவிட்டால் அசைய முடியாது, ஒரு கை மட்டும் சும்மா இருக்கும். அந்தக் கட்டைவிரலால் செல்போனில் தட்ட ஆரம்பித்தேன். தக்காளி மண்டிக் கணக்குப்பிள்ளைக்கும் ஒரு நர்ஸுக்கும் காதல். பிரதிலிபி என்ற கதை ஆப்பில் 38 அத்தியாயம் ஓடிவிட்டது! இப்போது ஒரு யூடியூப்காரர் ஆடியோ நாவலுக்கு, "உரிமை மொத்தமும் எழுதிக் கொடுங்கள்" என்கிறார். வீட்டுக்காரர், "கிரைண்டர் வாங்கலாம், கொடுத்துடு" என்கிறார். அமேசானின் மின்நூல் கடையான கிண்டிலிலும் போடச் சொல்கிறார்கள். என்ன செய்ய?

கிருஷ்ணகிரி அக்கா: மொத்தமும் கொடுக்காதே தங்கச்சி. ஒலி உரிமை மட்டும், எத்தனை வருடம் என்று எழுத்தில் வாங்கு. காலம் குறிப்பிடாவிட்டால் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி 5 ஆண்டுதான். ஆனால் 'நிரந்தரமாக' என்று நைசாகச் சேர்த்திருப்பார்கள், பார்த்துக்கொள். கிரைண்டர் எங்கே போகிறது, தவணையில் வாங்கலாம்.

ஓசூர் வாசகன்: கிண்டிலில் செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாள் அந்த மின்நூல் வேறெங்கும் இருக்கக்கூடாது, இலவசமாகக்கூட. பிரதிலிபியிலிருந்து எடுத்துவிட்டுப் போடுங்கள். இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி (எழுதியவர் பங்கு) அதில் சேர்ந்தால்தான், இல்லையென்றால் 35.

பாலக்கோடு: சரி அண்ணா. ஆனால் கமெண்டெல்லாம் போய்விடுமே! தொப்பூர் கணவாயில் பஸ் நின்றபோது படித்தேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறேன். அப்புறம் வருகிறேன், இவன் எழுந்துவிட்டான்.