புதுப்பிப்பு: எஸ்பெராண்டோவைத் தமிழ் எழுத்தில் எழுதுவது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: கேரளத்தில், கொழிஞ்சாம்பாறையில் இருக்கிற அக்கா மகளுக்கு எஸ்பெராண்டோ சொல்லித்தர, சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொடுக்கலாமா என்று. எழுதிப் பார்த்தேன். சரிவரவில்லை.

1887-இல் சாமென்ஹோஃப் என்பவர் தானே உருவாக்கி வெளியிட்ட மொழி அது. 28 எழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒலி. ரொட்டியும் 'பானோ', குளியலும் 'பானோ' என்று என் நோட்டில் நின்றன. முதலாவதில் 'பல்'லின் ப, இரண்டாவதில் 'பஸ்'ஸின் ப. நமக்கு எழுத்து ஒன்றுதானே. பிள்ளை பாவம், குழம்பிப்போனாள்.

அப்புறம் அவளே மலையாள எழுத்தில் எழுத ஆரம்பித்தாள். பள்ளியில் படிக்கிற எழுத்துதான். அதில் இரண்டு ப-வுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. அன்றோடு அந்தச் சிக்கல் போயிற்று. ஸ-வின் அதிர்வொலிக்கு (ஆங்கில z) மட்டும் அடியில் புள்ளி வைத்துக்கொள்கிறோம்.

இலக்கணத்தில்தான் எனக்குப் பெரிய சந்தோஷம். 'மி லேகஸ்' நான் படிக்கிறேன், 'லி லேகஸ்' அவன் படிக்கிறான். ஆளுக்குத் தகுந்து வினை மாறுவதே இல்லை. "மலையாளத்துல ஞான் வாயிச்சு, அவன் வாயிச்சு மாதிரிதானே மாமா?" என்றாள். அதேதான்! தமிழ் மட்டும் தெரிந்த எனக்கு அது பழக இரண்டு வாரம் ஆனது.

செயப்படுபொருளின் 'ன்' இன்னும் தகராறு. 'லிப்ரோ' புத்தகம், 'லிப்ரோன்' புத்தகத்தை. நாம் 'புத்தகம் படிச்சேன்' என்று ஐ-யை விட்டுவிடுவோம்; அங்கே விடக்கூடாது. அவள் தினமும் விடுகிறாள், நானும் தினமும் திருத்துகிறேன்.