டிரம்முல ஓடுது, ஆத்துல நிக்குது: பழைய அவுட்போர்டு அனுபவங்கள்

பவானி ரோடு மெக்கானிக்:

எம்பட தொழில் டூவீலர்ங்க. ஆர்எக்ஸ் 100, ஷோகன், மேக்ஸ் 100னு டூ ஸ்ட்ரோக் வண்டிக ஓடுன காலத்துல பழகுன கை. அதனாலயே மேட்டூர் டேமுக்குக் கீழ, நெரிஞ்சிப்பேட்டை பூலாம்பட்டி பக்கம் ஆத்துல போட் வெச்சிருக்கறவங்க போட் பின்னாடி மாட்டற பழைய அவுட்போர்டு எஞ்சினை ஆட்டோவுல போட்டு நம்மகிட்ட எடுத்துட்டு வந்தர்றாங்க. கடலோரம்னா இதுக்குன்னே ஆளுக இருப்பாங்க. பரிசல் ஓட்டுற ஊர்ல எங்க தேடறது?

வர்றவங்க சொல்றதும் ஒரே பாட்டுத்தான். "கார்புரேட்டர் கழட்டிக் கழுவியாச்சுங்க, ப்ளக் மாத்தியாச்சுங்க, தண்ணி டிரம்முல வெச்சா நல்லாத்தான் ஓடுது, ஆத்துல இறக்குனா நின்னுக்குது."

டிரம்முல ஓடறதெல்லாம் ஒரு ஓட்டமாங்க? தண்ணி அங்கயே சுத்தும், எஞ்சினுக்கு இழுவை கிடையாது, திராட்டிலையும் யாரும் முழுசாத் தொறக்கறதில்ல. அந்த ஓட்டத்துக்குத் துளித் துளியா பெட்ரோல் வந்தாலே போதும். ஆத்துல நாலு ஆளு, வலை, ஐஸ்பெட்டி எல்லாம் ஏத்தி முழுசா முறுக்குனாத்தான் எஞ்சின் கேக்கற அளவுக்கு பெட்ரோல் வருதா இல்லையான்னு தெரியும். அதனால நான் முதல்ல ஸ்பேனரை எடுக்கறதில்ல. போட்ல கூட ஏறி உக்காந்துக்குவேன்.

போன வருசம் மீன் குத்தகை எடுத்திருந்த ஒரு அண்ணனோடது, 25 ஹெச்பி, ரெண்டு சிலிண்டர். கதவணைக்கு மேல தண்ணி அசையாம நிக்கற எடம். கொஞ்ச தூரம் நல்லாப் போச்சு. அப்பறம் சத்தம் மெல்ல எறங்குது, ஒரு இழுப்பு, நின்னு போச்சு. ஒரு நிமிசம் கழிச்சு கயித்தை இழுத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி மறுபடி ஸ்டார்ட் ஆகுது. "பாத்தீங்களா தம்பி, இதுக்கு என்ன பேய் புடிச்சிருக்குதுன்னு தெரியல"ன்னு அவரு தலையில கை வெச்சுக்கிட்டாரு.

அடுத்த தடவை சத்தம் எறங்கறப்பவே டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவுல ஹோஸ்ல இருக்கற, கையால அமுக்கி பெட்ரோல் ஏத்தற ரப்பர் பல்பைத் தொட்டுப் பாத்தேன். சப்பையா ஒட்டிப்போய்க் கெடந்துச்சு. அப்படின்னா எஞ்சின் உறிஞ்சுது, டேங்க் பக்கமிருந்து பெட்ரோல் வரலைன்னு அர்த்தம். முதல் சந்தேகம் டேங்க் மூடியில இருக்கற காத்துத் திருகு மேலதான். அது மூடியிருந்தாலும் இதே கதைதான் ஆகும். அது தொறந்துதான் இருந்துச்சு. டேங்குக்குள்ள போற குழாயோட வலையும் சுத்தம். ஹோஸையும் ஏற்கனவே கம்ப்ரஸர் வெச்சு ஊதிப் பாத்திருக்காங்க, "காத்து ஜோராப் போகுது"ன்னு அவரு சத்தியம் பண்றாரு.

டேங்குல இருந்து பல்பு வரைக்கும் உள்ள துண்டை நீளவாக்குல கத்தியால அறுத்தேன். வெளியே பாத்தா புதுசு கணக்கா இருக்குது. உள்ள பாத்தா உள்ரப்பர் வெங்காயத் தோல் மாதிரி உரிஞ்சு ஒரு பக்கம் தொங்குது. எஞ்சின் பலமா உறிஞ்சறப்ப அந்தத் தோல் வந்து ஓட்டையை அடைச்சுக்குது. எஞ்சின் நின்னா உறிஞ்சறதும் நின்னுருது, தோல் விலகிக்குது, மறுபடி ஸ்டார்ட் ஆகுது. கம்ப்ரஸர்ல எதிர்ப்பக்கமிருந்து ஊதுனதால காத்து தாராளமாப் போயிருக்குது. டிரம்முல மெதுவா ஓடறப்ப அவ்வளவு உறிஞ்சலும் இல்ல.

இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். பழைய ஹோஸ், பம்ப் டயாப்ரம் ரப்பரெல்லாம் இதை நெனச்சு செஞ்சதில்லீங்க. எத்தனால் தாங்கற ஹோஸ் போட்டு, கிளாம்ப் புதுசா மாட்டிக் குடுத்தேன். கார்புரேட்டரை நான் தொடவே இல்ல.

நிக்கப் போற அந்த நேரத்துல பல்பு சப்பையா இல்லாம தொளதொளன்னு இருந்து, அமுக்கி அமுக்கி விட்டா எஞ்சின் பொழைச்சுக்குதுன்னா, ஃப்யூவல் பம்ப் டயாப்ரம் கிழிஞ்சிருக்கும், இல்லன்னா எஞ்சின்கிட்ட ஹோஸ் மாட்டற கப்ளிங்ல ஓ-ரிங் போய் காத்து உறிஞ்சும். பல்பு கெட்டியாவே இருக்குது, சோக்கை லேசா இழுத்தா எடுத்துக்குதுன்னா அப்பத்தான் கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற ஜெட் ஓட்டை அடைப்பு. இது எதுக்குமே மசியலைன்னா ப்ளக்குக்கு வர்ற கரண்ட் பக்கம் போகோணும்.

ஒண்ணு சொல்லிர்றேன். இந்த மாதிரி டெஸ்ட் ஓட்டத்துக்கு லைஃப் ஜாக்கெட், துடுப்பு ரெண்டும் இல்லாம போகாதீங்க. ஆடி 18 சமயத்துல டேம்ல தண்ணி தொறந்து விட்டு ஆறு வேகமா வர்றப்ப வேண்டவே வேண்டாம்.

கொளத்தூர்:

எம்பட கதை அந்தக் கரண்ட் பக்கம்தானுங்ண்ணா. மேட்டூர் டேமுக்குள்ள ஓட்டறது. காலையில கிளம்பறப்ப அம்சமா இருக்கும். அரை மணி நேரம் ஓடி சூடேறுனதும் பாதி பலம் போயிரும், போட் மூக்கைத் தூக்கவே தூக்காது. ஒருத்தர் பாத்துட்டு "ரீபோர் பண்ணோணும், பிஸ்டன் போச்சு"ன்னு பெரிய கணக்காப் போட்டுக் குடுத்தாரு. அவ்வளவு காசுக்கு எங்க போறது?

பிஸ்டன் தேஞ்சிருந்தா குளுந்து கெடக்கறப்பவும் இழுக்கக் கூடாதல்லங்க? அந்தக் கேள்விதான் காப்பாத்துச்சு. சிலிண்டர் அமுக்கத்தை அளக்கற கம்ப்ரஷன் கேஜ் கடன் வாங்கி வெச்சுப் பாத்தா ரெண்டு சிலிண்டரும் கிட்டத்தட்ட சமம். பலம் போன நேரத்துல எஞ்சினை நிறுத்தி ப்ளக் ரெண்டையும் கழட்டுனா, மேலது காப்பிக் கலர்ல காஞ்சு இருக்குது, கீழது கருப்பா நனைஞ்சு பெட்ரோல் சொட்டுது. ப்ளக்குக்குக் கரண்ட் குடுக்கற காயில் ரெண்டையும், மேலதைக் கீழயும் கீழதை மேலயும் மாத்தி மாட்டி மறுபடி சூடேறற வரைக்கும் ஓட்டுனேன். இப்ப மேல் ப்ளக் நனையுது. சூடானா செத்துப்போற காயில். அதை மட்டும் மாத்துனதோட சரி.

கூடுதுறை மாப்ள:

எங்குளுது எஞ்சின்ல கோளாறே இல்லாத கோளாறுங்க. முறுக்குனா எஞ்சின் கத்துது, போட் மட்டும் நகர மாட்டீங்குது. எல்லாரும் கியர் போச்சுன்னாங்க. ப்ரொப்பல்லர் நடுவுல ஒரு ரப்பர் புஷ் இருக்குதல்லங்க, கல்லுல அடிச்சா கியர் உடையாம காப்பாத்தறதுக்கு? அது பிடிப்பு விட்டு வழுக்குது. கண்டுபுடிக்க ஒரு வழி இருக்குது. ப்ரொப்பல்லரோட உள்வட்டத்துல இருந்து வெளிவட்டத்துக்கு நேரா பெயிண்ட்ல ஒரு கோடு இழுத்துக் காயவிட்டு, ஆத்துல கொஞ்ச நேரம் முறுக்கி ஓட்டிட்டு வந்து பாருங்க. கோடு ரெண்டா முறிஞ்சு வேற வேற எடத்துல நின்னா புஷ்தான்.

ப்ரொப்பல்லரைக் கழட்டுனப்ப ஷாஃப்ட்ல தங்கூசி நரம்பு சுருள் சுருளா இறுகிக் கெடந்துச்சு. நம்ம ஆத்துல அதுக்கா பஞ்சம்? அது கியர் பெட்டியோட ஆயில் சீலை அறுத்து உள்ள தண்ணி விட்டுரும். கியர் ஆயில் வெள்ளையாக் கலங்கி வந்தா சீல் மாத்தியே ஆகோணும். ஆகாயத்தாமரை புகுந்து வந்தா தண்ணி உறிஞ்சற சல்லடையையும் ஒருக்கா தொடைச்சு விடுங்க.

கோபி தம்பி:

மெக்கானிக் அண்ணா, பைக்குக்கு ஊத்தற 2டி ஆயிலையே இதுக்கும் கலக்கறோமுங்க. ப்ளக் அடிக்கடி அடைச்சுக்குது. அப்பறம் எஞ்சினை ஆத்திட்டுப் பின்னாடி ஒண்ணுக்கு அடிக்கற மாதிரி வர்ற தண்ணியும் நூலாத்தான் வருது.

பவானி ரோடு மெக்கானிக்:

தம்பி, பைக் எஞ்சின் காத்துல ஆறறது, சூடா ஓடும். இது ஆத்துத் தண்ணியிலயே குளுந்துக்கறது. பைக் ஆயில் விடற சாம்பல் ப்ளக்லயும் பிஸ்டன் தலையிலயும் படிஞ்சுக்கும். டப்பாவுல டிசி-டபிள்யூ3னு போட்டிருக்கற அவுட்போர்டு ஆயிலாப் பாத்து வாங்குங்க. 50க்கு 1னா 10 லிட்டருக்கு 200 மில்லி. ரொம்பப் பழைய எஞ்சினுக்கு அதிகமாக் கேக்கும், புக்லயோ மூடியிலயோ என்ன போட்டிருக்குதோ அந்தக் கணக்குத்தான். குத்துமதிப்பா ஊத்தாதீங்க.

தண்ணி நூலா வந்தா முதல்ல எஞ்சினை நிறுத்திட்டு அந்த ஓட்டையில கெட்டியான தங்கூசி நரம்பை விட்டுக் குத்திப் பாருங்க, மண்ணு அடைச்சிருக்கும். அதுக்கும் சரியாகலைன்னா கீழ இருந்து தண்ணியை மேல ஏத்தற ரப்பர் இம்பெல்லர் இறக்கை மடங்கியோ ஒடிஞ்சோ போயிருக்கும். யாராச்சும் தண்ணி இல்லாம கரையில ஸ்டார்ட் பண்ணிப் பாத்தாங்களான்னு ஊட்டுல கேளுங்க. ஒடிஞ்ச துண்டு ஏதாச்சும் காணோம்னா அது மேல தண்ணி போற வழியிலதான் எங்கயாவது மாட்டியிருக்கும். அதை எடுக்காம புது இம்பெல்லர் போட்டுப் பிரயோஜனமில்ல. ஞாயித்துக்கிழமை கடை தொறந்திருக்கும், எடுத்துட்டு வாங்க.