புதுப்பிப்பு: படிக்க மட்டும் ஒரு சின்ன டேப்லெட்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: ஸ்கேன் செய்த பழைய தமிழ்ப் புத்தகங்கள் படிக்க அமேசானின் மின்நூல் படிக்கும் கருவியான கிண்டில் வாங்கவா, 8 அங்குல டேப்லெட் வாங்கவா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கடைசியில் சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 வாங்கிவிட்டேன், 8.7 அங்குலத் திரை.

முடிவு செய்ய உதவியது ஒரே விஷயம்தான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இருப்பவை பெரும்பாலும் பக்கத்தைப் படமெடுத்த பிடிஎஃப்கள், அவற்றில் எழுத்தை மட்டும் பெரிதாக்க வழியில்லை, கிண்டில் மாதிரி 6 அங்குலத் திரையில் ஒவ்வொரு வரியையும் இழுத்து இழுத்துத்தான் படிக்க வேண்டும். இந்த டேப்லெட்டில் கோரீடர் என்ற இலவசச் செயலியைப் போட்டு, ஓரத்து வெள்ளையைத் தானாக வெட்டும் வசதியை ஆன் செய்தேன். அச்சுப் பகுதி திரை முழுக்க வந்துவிட்டது, அடிக்குறிப்பில் இருக்கும் பொடி எழுத்துகூடத் தெரிகிறது! தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்து நூல்கள் இன்னும் சுகம், அவை படமல்ல, உண்மையான எழுத்து, வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம்.

குறையும் உண்டு. 332 கிராம், படுத்துக்கொண்டு ஒரு கையில் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். வெயிலில் திரை கண்ணாடி மாதிரி முகத்தைக் காட்டுகிறது, அங்கே கிண்டிலில் இருக்கும், காகிதம் போலத் தெரியும் மின்மைத் திரைதான் ராஜா. நாவல் மட்டும் படிப்பவர்கள் தயங்காமல் கிண்டில் பக்கம் போங்கள்.

அப்புறம், வாட்ஸ்அப்பை இதில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.