நன்றி வராதபோது மனசு சுருங்கினால் அது சேவைதானா?

அரிசிபாளையம் அக்கா (கேள்வி):

எனக்கு 54 வயது. ஒன்றரை வருடமாக மாதத்தில் இரண்டு சனிக்கிழமை சேலத்திலிருந்து ஏற்காடு பஸ் ஏறிப் போகிறேன். ஒண்டிக்கடையில் இறங்கி ஆட்டோ. காபி எஸ்டேட்டில் களையெடுப்பு, பழம் பறிப்பு என்று காலமெல்லாம் உழைத்த பெரியவர் ஒருவர் அங்கே தனியாக இருக்கிறார். முப்பது வருடத்துக்கு முன் தொழுநோய் வந்து, மருந்து சாப்பிட்டு முழுசாகக் குணமானவர். ஆனால் பாதத்தில் உணர்ச்சி போனது போனதுதான். முள் ஏறினாலும் தெரியாது.

அவர் காலைக் கழுவி எண்ணெய் தடவிவிட்டு வருவேன். பெருவிரலுக்குக் கீழே பழைய புண் ஆறிய தடம், ஐந்து ரூபாய் நாணய அகலத்துக்கு இருக்கிறது. அதைச் சுற்றித் தோல் காய்த்துப் போய்க் கல் மாதிரி. காபி போடட்டுமா என்று கேட்பார். அவருக்கு ஏன் சிரமம் என்று வேண்டாம் என்றுவிடுவேன்.

இது தொடங்கியது ஈஸ்டருக்கு முன் வரும் ஒரு பெரிய வியாழன் அன்று. இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்துச் செய்யும் பாதம் கழுவும் சடங்கில் பெண்களையும் சேர்க்கலாம் என்று 2016-ல் போப் பிரான்சிஸ் மாற்றிய பிறகு, ஒரு வருடம் பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக என்னையும் உட்கார வைத்தார்கள். சாமியார் குனிந்து ஊற்றிய தண்ணீர் காலில் பட்டதும் அழுதுவிட்டேன்.

போன தடவை பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது வெறும் ‘ம்’ மட்டும். கீழே இறங்கும்போது இருபது வளைவும் மனசு அதையே சுற்றியது. இவ்வளவு தூரம் வருகிறேனே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நினைத்த உடனே பயந்துபோனேன். ஆண்டவருக்காக என்று சொல்லிக்கொண்டு நன்றிக்காகத்தான் போனேனா? நிறுத்திவிடட்டுமா?

மிளகுக்கொடி:

அக்கா, பைபிளில் லூக்கா 17-ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். பத்துத் தொழுநோயாளர் குணமானார்கள், திரும்பி வந்து நன்றி சொன்னது ஒரு சமாரியர்தான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசுவே கேட்டார். அவருக்கே அது உறைத்திருக்கிறது, உங்களுக்கு உறைப்பதில் பாவம் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒன்பது பேரின் சுகத்தை அவர் திருப்பி வாங்கவில்லை. மனசு சுருங்கட்டும், நீங்கள் பஸ் ஏறுங்கள்.

வார்டு சிஸ்டர்:

நான் நர்ஸ், தொழுநோய்ப் பிரிவில் பல வருடம் இருந்தவள். எனக்குக் கவலை அந்தக் காலைப் பற்றித்தான். மாதத்தில் இரண்டு நாள் நீங்கள் கழுவுகிறீர்கள், சரி. மீதி நாள்? விரல் அழுகி விழுவது கிருமியால் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் வேலை செய்த டாக்டர் பால் பிராண்ட்தான், வலி தெரியாததால் படும் காயமே முக்கியக் காரணம் என்று எடுத்துக் காட்டினார். அதனால் தினமும் பார்க்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, காய்த்த இடத்தைச் சொரசொரப்பான கல்லால் மெதுவாகத் தேய்த்து, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவ வேண்டும். வெந்நீர் கூடவே கூடாது. சூடு அவருக்குத் தெரியாது. இதை அவரையே செய்யப் பழக்குங்கள். உள்ளே மிருதுவாக இருக்கும் எம்.சி.ஆர் செருப்பு அரசாங்கத்தில் இலவசமாகத் தருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

அப்புறம் அந்தக் காபி. தொழுநோய்க்குத் தரும் கூட்டு மருந்து ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே தொற்று நின்றுவிடும். ஆனால் இவர்கள் வீட்டில் தண்ணீர் கூடக் குடிக்காமல் போனவர்களை அவர் எத்தனை பேரைப் பார்த்திருப்பார்! நீங்கள் சிரமம் என்று நினைத்துச் சொன்ன ‘வேண்டாம்’ அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று யோசியுங்கள். என் காலை நீர் கழுவவே கூடாது என்று இயேசுவிடம் சீடர் பேதுரு மறுத்தார் இல்லையா? வாங்கிக்கொள்ளவும் மனசு வேண்டும் அக்கா.

செவ்வாய்ப்பேட்டைத் தம்பி:

நான் கிறிஸ்தவன் இல்லைங்க. அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தபோது எங்கள் தெரு வேதக்கார அம்மா ஒருவர் வந்து உடம்பு துடைத்துவிடுவார். அப்பா அவரிடம் பேசவே மாட்டார், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். எனக்குக் கோபம் வரும். அந்த அம்மா கிளம்பிப் போன பிறகு அப்பா, ‘அந்தம்மா சாப்பிட்டுச்சாடா?’ என்று கேட்பார். கூச்சம்தான் காரணம்.

அரிசிபாளையம் அக்கா:

சிஸ்டர், காபி விஷயம் படித்த அன்று தூங்கவில்லை. ஒன்றரை வருடம்!

நேற்றுப் போனேன். பேசினை அவர் முன்னால் வைத்து, ‘நீங்களே செய்யுங்கய்யா, நான் பக்கத்துல இருக்கேன்’ என்றேன். விரல்கள் மடங்கியிருப்பதால் கல் இரண்டு தடவை நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுக்கக் கை போனது, அடக்கிக்கொண்டேன். மூன்றாம் தடவை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் கல்லை வைத்துத் தேய்த்தார். எண்ணெய் தடவி முடித்துவிட்டு, ‘இந்தக் காலை நானே தொட்டு எத்தனையோ வருசமாச்சும்மா’ என்றார்.

நானே காபி கேட்டேன். எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! வெல்லம் போட்ட கடுங்காபி, எவர்சில்வர் டம்ளரில் நுனி வரைக்கும். அடுத்த தடவை சனிக்கிழமைக்குக் காத்திருக்காமல் புதன்கிழமையே போய் அவரைச் செருப்புக்கு அளவெடுக்கக் கூட்டிப் போகிறேன்.