'அழகாக' என்றால் 'பியூட்டிஃபுலி'தானே, ஏன் தப்பு?

கேள்வி:
'ஷீ சிங்ஸ் பியூட்டிஃபுலி' சரியாம், 'ஷீ லுக்ஸ் பியூட்டிஃபுலி' தப்பாம். தமிழில் அழகாகப் பாடுகிறாள், அழகாக இருக்கிறாள், இரண்டும் 'அழகாக'தானே? வினையை ஒட்டி வந்தால் அட்வெர்ப், கடைசியில் 'லி' என்றல்லவா படித்தோம்?

பதில் 1:
சிக்கல் நம்ம 'ஆக'வில் இருக்கிறது. அது இரண்டு வேலை பார்க்கும். 'அழகாகப் பாடினாள்' பாடிய விதத்தைச் சொல்கிறது. 'அழகாக இருக்கிறாள்' ஆளைச் சொல்கிறது. ஆங்கிலம் இவற்றைப் பிரித்துவிடும்: செயலின் விதத்துக்கு அட்வெர்ப், எழுவாயின் தன்மைக்கு அட்ஜெக்டிவ்.

வினையை எடுத்துவிட்டு அங்கே 'இஸ்' போட்டுப் பாருங்கள். 'ஷீ இஸ் பியூட்டிஃபுல்' என்றாலும் கருத்து நிற்கிறது, ஆகவே 'லி' வேண்டாம். 'சிங்ஸ்' இருந்த இடத்தில் 'இஸ்' போட்டால் பாட்டே காணாமல் போகும், அங்கே 'லி' வேண்டும். ஃபீல், ஸ்மெல், டேஸ்ட், சவுண்ட், சீம் எல்லாம் 'லுக்' கூட்டம்தான்.

கேட்டவர்:
'ஹீ லுக்ட் ஆங்ரிலி அட் மீ' என்று ஒரு வாக்கியம் பார்த்தேனே?

பதில் 1:
அதுவும் சரி. 'ஹீ லுக்ட் ஆங்ரி' என்றால் கோபமாகத் தெரிந்தான். 'அட் மீ' சேர்ந்ததும் அது பார்க்கும் செயல்: என்னைக் கோபமாகப் பார்த்தான். அங்கே 'இஸ்' போட்டால் பார்த்ததே காணாமல் போகும், ஆகவே 'லி' வேண்டும்.

பதில் 2:
'லி'யை மட்டும் நம்பி இறங்காதீர்கள். ஃப்ரெண்ட்லி, லோன்லி, லவ்லி எல்லாம் அட்ஜெக்டிவ். ஃபாஸ்ட் அட்வெர்பாக வரும்போதும் ஃபாஸ்ட்தான், 'ஃபாஸ்ட்லி' கிடையாது. ஆளைக் கவிழ்ப்பது ஹார்ட்: 'ஐ வொர்க் ஹார்ட்' கடுமையாக உழைக்கிறேன், 'ஐ ஹார்ட்லி வொர்க்' வேலையே செய்வதில்லை என்கிற மாதிரி. வேலைக்கான விண்ணப்பத்தில் இரண்டாவதை எழுதினால் கதை முடிந்தது. லேட் தாமதமாக, லேட்லி அண்மைக்காலமாக.

கேட்டவர்:
'ஐ ஸ்பீக் வெல் இங்கிலிஷ்' சரியா?

பதில் 3:
இல்லை. 'நன்றாக ஆங்கிலம் பேசுவேன்', 'ஆங்கிலம் நன்றாகப் பேசுவேன்' இரண்டும் தமிழில் செல்லும். ஆங்கிலத்தில் வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே அட்வெர்ப் பொதுவாக நுழையாது: 'ஐ ஸ்பீக் இங்கிலிஷ் வெல்'. செயப்படுபொருள் ரொம்ப நீளமாக இருந்தால் மட்டும் விதி தளரும்.

ஆல்வேஸ், நெவர், ஆஃபன் வேறு ரகம். சாதாரண வினைக்கு முன்னால்: 'ஷீ ஆல்வேஸ் கம்ஸ் லேட்'. ஆம், இஸ், ஆர் வந்தால் பின்னால்: 'ஷீ இஸ் ஆல்வேஸ் லேட்'. துணைவினை இருந்தால் முதல் துணைவினைக்குப் பின்னால்: 'ஐ ஹேவ் நெவர் சீன் இட்'.